அக்கா வந்தா வார்டு நிரம்பும்

மாதக் கடைசியில் அடுத்த மாதத்து ரோஸ்டரைச் சுவரில் ஒட்டியதும் எங்கள் வார்டில் யாரும் முதலில் தன் பெயரைத் தேடமாட்டார்கள். அக்காவின் பெயரைத்தான் தேடுவார்கள். அவருக்கு என்றைக்குக் காலை ஷிஃப்ட், என்றைக்கு மத்தியானம் என்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் தாங்கள் அதில் மாட்டியிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். மாட்டியவர்கள் வாயிலிருந்து நீளமாக ஒரு "அடோய்" வரும். தப்பித்தவர்கள், அக்கா பக்கத்தில் நிற்கும்போதே, கையைத் தூக்கிக் கும்பிடுவார்கள்.

அக்காவும் சேர்ந்து சிரிப்பார். "சரி சரி, என்கூட மாட்டினவங்கல்லாம் வீட்லயே நல்லா சாப்பிட்டு வந்துருங்க. இங்க நான் தண்ணி குடிக்கக்கூட விடமாட்டேன்."

அக்கா ஒரு ஜோனா.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். யார் டூட்டிக்கு வந்தால் எமர்ஜென்சியிலிருந்து ஆள் மேல் ஆளாக வந்து கட்டில் நிரம்புமோ, காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த நோயாளிக்குத் திடீரென்று மூச்சு இரைக்குமோ, அவர் ஜோனா. எந்தக் காலத்துக் கப்பல்காரர்களிடமிருந்தோ வந்த சொல்லாம். எங்கள் நாட்டு டாக்டர்களும் நர்சுகளும் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒருத்தர் தலையில் கட்டுவார்கள். கட்டினால் அவிழாது. இதோடு சேர்ந்து ஒரு சாஸ்திரமே உண்டு. டூட்டியில் பாவ் என்கிற ஆவியில் வெந்த பன்னைத் தின்னக் கூடாது. அன்னாசிப்பழம் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது. "இன்னைக்கு அமைதியா இருக்கே" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. டிப்ளோமா முடித்துச் சான்றிதழோடு வந்த எனக்கு முதல் நாள் கிடைத்த பாடம் இதுதான். மருந்து அலமாரியின் சாவி எங்கே இருக்கும் என்று மறுநாள்தான் சொன்னார்கள்.

கிள்ளான் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நான் சாலாக் செலாத்தானிலிருந்து ரயில் மாறி மாறி அங்கே வேலைக்குப் போய் வந்தேன். ஆண் நர்ஸ் என்பதால் நோயாளிகள் என்னை டாக்டர் என்றும், பக்கத்தில் நிற்கும் அசல் பெண் டாக்டரை மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்றும் கூப்பிடுவார்கள். அக்கா மட்டும் முதல் நாளிலிருந்தே தம்பி என்றார். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உயரம். நடக்கும்போது பாதி உடம்பு முன்னால் போய்விடும், கால்கள் பின்னால் வந்து சேரும். நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். டப்பா மூடியில் சோற்றைத் தள்ளிக்கொண்டு, கண்ணை மட்டும் கட்டில்களின் அழைப்பு விளக்குகளில் வைத்திருப்பார். வாய் நிறையச் சோறு இருக்கும்போது எமர்ஜென்சியிலிருந்து போன் வந்தால், மென்று முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார். "ஆமா, நான்தான். வரட்டும் லா, படுக்க வைப்போம்." அந்தப் பக்கம் சிரிப்பது இந்தப் பக்கம் கேட்கும். "ஓ, நீங்களா டூட்டி? அதான் பார்த்தோம்."

வரட்டும், படுக்க வைப்போம். இதுதான் அவர் வேதம்.

வார்டு நிரம்பியதற்கு அக்காதான் காரணமா? எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை, அதனால் கேட்கிறேன். அக்கா லீவில் இருக்கும் நாளிலும் வார்டு நிரம்பத்தான் செய்தது. அன்றைக்கு என்ன சொல்வார்கள் தெரியுமா? "நேத்து அவங்க விட்டுட்டுப் போனது." வேலையை விட்டு சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போன நர்சுகளின் இடம் காலியாகவே கிடந்தது. ரோஸ்டரில் அவர்கள் பெயர்மேல் ஒரு கோடு இழுத்திருந்தது, அவ்வளவுதான். ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டை மூன்று பேர் பார்த்தோம். வந்த நோயாளிகள் எப்போதும்போலத்தான் வந்தார்கள். கைகள்தான் குறைந்துபோயின. இதைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். ஆனால் படித்த கூட்டம், ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்த்து மருந்து கொடுக்கிற கூட்டம், ஒரு பெண்ணின் ராசியைக் காரணம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கோபத்தில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. அக்கா இருக்கும் ஷிஃப்ட் லேசாக ஓடும்.

ஒரு நாள் காலை புதிதாக ஒரு நோயாளி வந்தார். யார் கட்டில் வரிசையில் படுக்க வைப்பது என்று காக் ரோஸுக்கும் இன்னொரு நர்சுக்கும் சண்டை. காக் ரோஸ் வார்டிலேயே மூத்தவர், மலாய்க்காரர் (காக் என்றால் மலாயில் அக்கா), யாருக்கும் அடங்காதவர். "நான் நாலு பேரை எடுத்துட்டேன், இவ ரெண்டே பேர், இன்னும் எனக்கா?" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரின் தலைக்கு மேலேயே சத்தம். படுத்திருந்தவர் பாவம், தான் வந்ததே தப்பு என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா நடுவில் புகுந்தார்.

"காக், அவளைத் திட்டாதீங்க. இது என் பார்சல். என் பேர் போட்டு வந்திருக்கு."

"உன்னோடதுதான். நீ குளிக்கிறியா இல்லையா? இந்த ராசிக்கு சோப்பு போட்டுத் தேய்."

"தேய்ச்சு தேய்ச்சுத்தான் இவ்வளவு ஒல்லியாயிட்டேன்."

காக் ரோஸ் சிரித்துவிட்டார். சண்டை போட்டவளும் சிரித்தாள். அக்கா ஸ்ட்ரெச்சரைத் தன் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கண்ணை மூடியிருந்தவரிடம் குனிந்து, "அங்கிள், பயப்படாதீங்க, நாங்க சண்டை போட்டுக்கிட்டா இன்னும் உயிரோட இருக்கோம்னு அர்த்தம்" என்றார். அப்படியொரு ஆள் வார்டில் இருந்தால் மனசு கனக்காது. நானும் அதில் குளிர் காய்ந்தவன்தான். ஆனால் அன்றைக்கு அவருக்குத் தன் பங்கைவிட இரண்டு மடங்கு நோயாளிகள். சிரித்துவிட்டுப் போன ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வைத்தியம் பார்த்தார்கள் பாருங்கள், அதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வாரம் வார்டு மூச்சுவிடவில்லை. எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அக்காவின் ராசியைக் கழுவியே தீருவது என்று முடிவாயிற்று. எங்கள் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் சீனப் பெண்மணி. வீட்டு வாசலிலிருந்து லிமாவ் பாலி என்கிற பம்பளிமாஸ் இலையைப் பறித்துக்கொண்டு வந்து, கொதிக்க வைத்துக் குளி என்று கொடுத்தார். காக் ரோஸ் பள்ளிவாசலில் யாசின் ஓதிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தார். தமிழ் நர்சுகள் எல்லோரும் சேர்ந்து, சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்சில் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். மூன்று இனம், மூன்று மதம், ஒரு பெண்ணுக்காக ஒற்றுமையாக நின்றது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அச்சடிக்கலாம். அந்த ஒற்றுமையில் ஒருத்தராவது லிஃப்ட் ஏறி மேட்ரன் அலுவலகத்துக்குப் போய் "ஆள் வேணும்" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. இலை பறிப்பது சுலபம்.

அக்கா மூன்றையும் செய்தார். இலைத் தண்ணீரில் குளித்தார், ஓதிய தண்ணீரைக் குடித்தார், சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து என்னோடு ரயிலேறி பிரிக்ஃபீல்ட்சில் இறங்கினார். விளக்குப் போட்டு முடித்ததும் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"வார்டு பேருக்குங்க சாமி. அஞ்சு பி."

ஐயர் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, நட்சத்திரம்?"

"அது கட்டினப்ப யாரும் குறிச்சு வைக்கல."

ஐயர் நல்ல மனிதர். சாமி பேருக்கே செய்துவிடலாம் என்று உள்ளே போனார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வெளியே, மோனோரயில் பாலத்தின் கீழே ஒரு கடையில் தேத் தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கே நம்பிக்கை இல்லை. பின்ன எதுக்கு இதெல்லாம்?"

"யார் சொன்னது நம்பிக்கை இல்லைன்னு? குளிச்ச அன்னைக்கு உடம்பு வாசமா இருந்துச்சு."

"விளையாடாதீங்க. ஆள் இல்லை, அதனால வேலை அதிகம். இவ்வளவுதான் விஷயம். நீங்க சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிறதால அங்க மேல இருக்கிறவங்களுக்குப் பதில் சொல்ற வேலையே இல்லாமப் போச்சு."

அக்கா தேநீரை ஆற்றினார். "தம்பி, நீ படிச்சவன், பட்டுனு பேசுவ. நான் முதல்ல வேலை பார்த்த வார்டுல யாரையும் ஜோனான்னு சொல்ல மாட்டாங்க. அங்க என்ன நடந்துச்சு தெரியுமா? ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்குவாங்க. யார் சோம்பேறி, யார் மெடிக்கல் லீவுன்னு எம்.சி. போட்டு ஏமாத்துறான்னு தினமும் பஞ்சாயத்து. ஒரு பொண்ணு டாய்லெட்டுக்குள்ள போய் அழுவா, முகத்தைக் கழுவிட்டு வருவா, மறுபடி அழுவா. ஒரு நாள் வரவே இல்ல. இங்க என்னைச் சொல்லிச் சிரிக்கிறாங்க, ஷிஃப்ட் ஓடிருது. எனக்கு என்ன, ஒட்டவா போகுது?"

"ஒட்டாதா?"

"வீட்லயே கேட்டுப் பழகினதுதான். நான் கல்யாணமாகிப் போன வருஷம் மாமனார் லோரி கவுந்துச்சு. அப்பலேர்ந்து அரிசியில வண்டு விழுந்தாலும் நான் வந்த நேரம்தான்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பேச்சை மாற்றினார். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஓர் இடம் காலியாகிறது, கேட்டிருக்கிறேன் என்றார். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் வேலை. கணவர் லோரியோடு ஜோகூருக்குப் போனால் மூன்று நாள் வரமாட்டார். ஃபார்ம் ஒன் படிக்கும் பதிமூன்று வயது மகள், அக்காவுக்கு மத்தியான ஷிஃப்ட் என்றால், இருட்டிய பிறகும் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அதுக்கு பயம்னு சொல்லாது. ஆனா நான் போய்ச் சேர்ற வரைக்கும் வீட்ல எல்லா லைட்டும் எரியும்." அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

இதற்குள் மேலிடத்துக்கு நர்சுகள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஆள் எடுப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஊக்கமூட்டும் பேச்சாளரை எடுத்தார்கள். கீழ்த்தளத்து ஹாலில், வேலைநாளில் நேரம் ஒதுக்காமல், எங்கள் லீவு நாளில் வரச்சொல்லி நடத்தினார்கள். பேச்சாளர் காதில் மைக் மாட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தார். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, ஊதி, அதன்மேல் மனஅழுத்தத்துக்கு என்ன காரணம் என்று எழுதச் சொன்னார். காக் ரோஸ் எழுதவில்லை. பலூனை அக்கா பக்கம் நீட்டிக் காட்டினார். ஹால் முழுவதும் திரும்பி அக்காவைக் கை காட்டியது. மற்ற வார்டுக்காரர்களும்தான். "ஜோனா, ஜோனா" என்று கைதட்டல். அக்கா எழுந்து நின்று, கல்யாண மண்டபத்தில் மொய் வாங்குகிறவர்போல் நாலு பக்கமும் தலையாட்டினார்.

பேச்சாளருக்குக் கொண்டாட்டம். அக்காவை மேடைக்கு அழைத்தார். பலூனில் "ஜோனா" என்று எழுதி, எல்லோர் முன்னாலும் உடைத்து, கெட்ட சக்தியை நல்ல சக்தியாக மாற்றப்போகிறோம் என்றார். நர்சுக்கு ஏது நகம்? அக்கா அழுத்தி அழுத்திப் பார்த்தார், பலூன் உடையவில்லை. கடைசியில் தலையிலிருந்த ஊசியை எடுத்துக் குத்தினார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் கை தூக்கினேன்.

"சார், பலூன் எத்தனை வேணும்னாலும் உடைக்கிறோம். ஆள் எப்ப வரும்?"

மனிதவளத் துறை அதிகாரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எச்.ஆர். என்று கூப்பிடும் ஆள். "நல்ல கேள்வி. ஆனா அது இந்த செஷனுக்கு வெளியே" என்றார். எந்த செஷனுக்கு உள்ளே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு ஒரு சம்பவம் நடந்தது, ஒரு மத்தியான ஷிஃப்டில். நாங்கள் மூன்று பேர். ஷிஃப்டுக்குப் பொறுப்பு அக்கா. அடுத்து நான். மூன்றாவது ஆயினா, புதிதாக வந்த மலாய்ப் பெண். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, ஊசி போடும் முன் நோயாளியைவிட அதிகமாக அவள் பயப்படுவாள். மேட்ரன் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அறுவைசிகிச்சை வார்டில் ஆள் குறைவு, ஒருவரை அனுப்பு.

அக்கா, நான் பார்த்து முதல் தடவையாக, முடியாது என்றார். "வார்டு ஃபுல், மேட்ரன். மூணு பேர்தான் இருக்கோம்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்றாங்க. போயிட்டு வா தம்பி. சமாளிச்சுக்கிறோம்."

நான் திரும்பி வந்தபோது கழிப்பறை வாசலில் ஓர் அங்கிள் தரையில் கிடந்தார். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக நடக்கவிடக் கூடாதவர். கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தொடையில் வைத்திருந்தார். ஆயினா சுவரோடு ஒட்டி நின்றாள். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

மறுநாள், நாங்கள் சாப்பிடும் வார்டு பேன்ட்ரியில் சிஸ்டர் அக்காவிடம் பேசினார். நானும் இருந்தேன். சிஸ்டர் கெட்டவர் இல்லை. அவரும் பல வருஷமாக அழுத்தத்தில் நசுங்கியவர், நசுங்கி நசுங்கித் தட்டையாகிவிட்டவர். விசாரணை வரும், ஒரு காரணம் எழுத வேண்டும் என்றார். "கட்டில் ஓரத் தடுப்புக் கம்பி இறங்கியிருந்துச்சு. அது ஆயினா பார்த்த கட்டில். அவ புதுசு, வேற இடத்துல வேலை கிடைச்சிரும். நீ அதை மட்டும் சொல்லு. ஆள் குறைவுன்னு பேச்சையே எடுக்காத. உன் கிளினிக் லெட்டர் மேட்ரன் மேசையில கையெழுத்துக்கு இருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து நீ சாயங்காலம் வீட்ல இருக்கலாம். கெடுத்துக்காத."

"ஆயினா பாவம் சிஸ்டர். என்னைப் போட்டுக்குங்க."

"உன்னைப் போட்டா கிளினிக் போச்சு."

"போனா போகுது. என் ராசி."

படிக்கட்டில் வைத்து அவரை நிறுத்தினேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அக்கா, அவளைக் காப்பாத்துறேன்னு நீங்க பழியை ஏத்துக்கிட்டா ஃபைலை மூடிருவாங்க. அடுத்த வாரம் மறுபடியும் போன் வரும், ஒரு ஆளை அனுப்புன்னு. இன்னொருத்தர் விழுவார். அதுவும் உங்க ராசியா?"

"கத்தாத தம்பி. எலும்பு வார்டுக்குப் போய் அங்கிளைப் பார்க்கணும், வர்றதுன்னா வா."

போனோம். அங்கிளுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. முகம் வெளுத்து, தலையணையைவிடச் சின்னதாகத் தெரிந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"மன்னிச்சிரும்மா. என்னால உங்களுக்கு வேலையில பிரச்சினையாமே."

"யார் சொன்னா அங்கிள்? நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்கிறீங்க?"

"பெல் அடிச்சேன்மா. கொஞ்ச நேரம் பார்த்தேன். பாவம் ரெண்டு பிள்ளைங்க எத்தனை பேருக்குத்தான் ஓடும்னு நானே எழுந்தேன். உங்க மேல ஒண்ணும் தப்பில்ல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "என் நேரம் சரியில்ல, அவ்வளவுதான். நம்ம ராசிம்மா இது."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் அக்கா. அன்றைக்குப் போர்வையை இழுத்து அங்கிளின் பாதத்தை மூடினார், மூடியதையே மறுபடியும் மூடினார். நான் படிக்கட்டில் கத்தியதைவிட அந்த மனிதர் சிரித்துக்கொண்டு சொன்னது நூறு மடங்கு பெரிய சத்தமாக இருந்தது.

விசாரணை ஒரு சின்ன அறையில். மேட்ரன், எச்.ஆர்., சிஸ்டர் மூவரும் ஒரு பக்கம். இந்தப் பக்கம் அக்கா, ஆயினா, அன்றைக்கு வார்டைவிட்டு அனுப்பப்பட்டவன் என்பதால் நான். மேசையில் கறிபாப் பலகாரம் வைத்திருந்தார்கள். ஒரு மனிதனின் இடுப்பு உடைந்ததைப் பேசுவதற்கு முன் கறிபாப் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆயினா கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டிருந்தாள்.

மேட்ரன் சூழ்நிலையை லேசாக்க நினைத்தார். "ஜோனா, மறுபடியும் நீயா? உன் டூட்டின்னா எனக்கு பிரஷர் ஏறுது."

எச்.ஆர். சிரித்தார். சிஸ்டர் சிரித்தார். எல்லோரும் அக்கா சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர் சிரித்தால் போதும், பாதி விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

அக்கா சிரிக்கவில்லை. "வார்டுல சிரிக்கிறதுக்கு நான் ஜோனா, மேட்ரன். அங்கிளோட எலும்புக்கு நான் ஜோனா இல்ல."

யாரும் எதுவும் சொல்வதற்குள் தொடர்ந்தார். குரலை உயர்த்தவில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர்களுக்கு ரிப்போர்ட் சொல்வோமே, அதே குரல். "மூணு பேர் இருந்தோம். உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. வார்டு ஃபுல், முடியாதுன்னு நான் சொன்னேன். அட்ஜஸ்ட் பண்ணுன்னு நீங்க சொன்னீங்க. இந்தத் தம்பியை அனுப்பினேன். அங்கிள் பெல் அடிச்சப்ப நான் ஒருத்தருக்கு ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தேன், விட்டுட்டு நகர முடியாது. ஆயினா ஒரு ஆளுக்கு மூச்சுத் திணறுதுன்னு அவரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா, அந்த ஆள் குரல் கேட்டு ஓடினதுலதான் அங்கிள் கட்டில் கம்பியை ஏத்தாம விட்டா. அவ ஓடாம இருந்திருந்தா இன்னைக்கு வேற விசாரணை நடக்கும். பெல்லுக்குப் போக மூணாவது ஆள் இல்ல. அந்த ஆளை நீங்க கூப்பிட்டுக்கிட்டீங்க."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எச்.ஆர்.தான் முதலில் பேசினார். "நாம இதை எமோஷனலா பார்க்கக் கூடாது."

"சரி சார். எமோஷன் இல்லாமலே எழுதிக்குங்க. மூணுல ஒண்ணு போனா ரெண்டு."

நான் நடந்தது நடந்தபடி சொன்னேன். ஆயினாவும் சொன்னாள், அழுதுகொண்டேதான், ஆனால் சொன்னாள்.

நியாயம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆயினாவை அனுப்பவில்லை. ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். அதுவரை சரி. அக்காவின் கிளினிக் லெட்டர் கையெழுத்தாகவில்லை. கேட்டதற்கு, அவர் மிகுந்த மனஅழுத்தத்தில் இருப்பதாகத் தெரிகிறது, அவருடைய நலனுக்காக இப்போதைக்கு இடமாற்றம் வேண்டாம் என்று பதில் வந்தது. நலனுக்காக. அதே நலனுக்காக, மனஅழுத்தத்தைக் கையாளும் பயிற்சி ஒன்றுக்கு அவர் லீவு நாளில் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் மேல்மாடி வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஷிஃப்ட்தான். காப்பாரில் அந்த வீட்டில் இன்னும் எல்லா விளக்கும் எரிகின்றன.

ஜோனா போனபின் எங்கள் வார்டு காலியாகியிருக்க வேண்டுமே? முதல் வாரம் வழக்கம்போல் நிரம்பியது. காக் ரோஸ் ரோஸ்டர் முன்னால் நின்று கொண்டு, யாரையும் பார்க்காமல், "அவதான் போயிட்டாளே, இப்ப யாரால?" என்றார். கொஞ்ச நாள் பொறுத்து ஒரு மத்தியானம், மேட்ரன் அலுவலகத்திலிருந்து மறுபடியும் போன். எடுத்தவள் ஆயினா. ஒரு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். "முடியாது மேட்ரன், நாங்க மூணு பேர்தான்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தாள். உடனே திரும்ப மணி அடித்தது. சிஸ்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார், ஆயினாவைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரே போனை எடுத்து, "அவ சொன்னது சரிதான், மேட்ரன்" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஓய்வு நேரத்தில் படியேறி மேல்மாடிக்கு ஓடினேன். அவர் புது வார்டின் பேன்ட்ரி வாசலில் நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் அங்கே உள்ள அழைப்பு விளக்குகளில் இருந்தது. நான் மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன், ஆயினா சொன்னது, சிஸ்டர் சொன்னது, காக் ரோஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அக்கா மென்றதை விழுங்கினார்.

"சரி. அதுக்கப்புறம் ஆள் எடுத்தாங்களா?"

"இல்லக்கா, அது இன்னும்..."

"பின்ன என்னத்துக்குச் சிரிக்கிற?"

டப்பாவை மூடிவிட்டு, விளக்கு எரிந்த கட்டிலுக்குப் போனார்.